நூறடிக்கு வெளியே புஷ்பவல்லி

புஷ்பவல்லிக்கு எந்த வேலையும் ரெண்டு கையெழுத்து விழுந்தாத்தான் முடிஞ்ச வேலை. செஞ்சவங்க ஒண்ணு போடணும், பக்கத்துல நின்னு சரிபார்த்தவங்க ஒண்ணு போடணும். பதினாலு வருஷமா மருந்துக் கம்பெனி லேப்ல க்வாலிட்டி பாக்குறவ, அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துடுச்சு. புருஷன் வெள்ளியங்கிரி அடுப்பை அணைச்சுட்டேன்னு சொன்னா, "யாருங்க பாத்தாங்க?"ன்னு கேப்பா. அந்த மனுஷன் கோயம்புத்தூர்க்காரர், மறுபேச்சு பேசாம எழுந்து போய் இன்னொரு தடவை பாத்துட்டு வருவார்.

என் பேரு நாகலக்ஷ்மி, சொந்த ஊர் பெரம்பூர். வாய் நீளம், பொறுமை கம்மி. நியூ ஜெர்சியில ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கத்துல ஒரு டவுன்ஷிப்புல அவளுக்கு எதிர் வீடு. போன வருஷம் அவ ஸ்கூல் போர்டு எலெக்ஷன்ல நின்னப்போ நான்தான் அவளோட கேம்பெயின் மேனேஜர். யாரும் என்னை அப்பாயின்ட் பண்ணலை, நானே பண்ணிக்கிட்டேன். இதை இப்பவே சொல்லிடறேன், ஏன்னா கடைசியில இதுதான் என் தலையில வந்து விடியப்போகுது.

அவ உடுமலைப்பேட்டைப் பொண்ணு. ரெண்டாயிரத்து ஒண்ணுல கல்யாணம் ஆகி வந்தா. புருஷன் விசாவுல வந்தவளுக்கு வேலை செய்ய பர்மிட் கிடையாது. எட்டு வருஷம் வீட்டுல உக்காந்திருந்தா. பர்மிட் கையில கிடைச்ச வாரமே ஸ்கூல் கேன்டீன்ல பசங்களுக்கு சாப்பாடு எடுத்துக் கொடுக்குற வேலைக்குப் போயிட்டா. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சவ பீட்சா ட்ரே தூக்குறாளேன்னு நாங்க பேசினோம், அவ காதுல வாங்கிக்கலை. சாயங்காலம் காலேஜ் போய்ப் படிச்சு லேபுக்குள்ள நுழைஞ்சா. அப்புறம் சிட்டிசன் ஆனா. ஆன நாள்லேர்ந்து ஒரு ஓட்டு விட்டதில்லை. இங்க தீயணைப்பு கமிஷனருக்குக்கூட எலெக்ஷன் உண்டு, பிப்ரவரி பனியில நடக்கும். அம்பது பேர் வந்தா பெருசு. அந்த அம்பதுல ஒருத்தி புஷ்பவல்லி.

அவளை எலெக்ஷன்ல இழுத்து விட்டது லேட் பஸ். ஸ்கூல் முடிஞ்சு பேண்ட், ரோபோடிக்ஸ், ட்யூட்டரிங்னு அங்கேயே இருக்குற பசங்களை அஞ்சரை மணிக்கு வீட்டுல கொண்டுவந்து விடுற பஸ். அப்பா மன்ஹாட்டன் ட்ரெயின்ல, அம்மா ஆபீஸ்லன்னு இருக்குற வீட்டுக்கெல்லாம் அதுதான் உயிர். என் பொண்ணு ரக்ஷாவும் அதுல வர்றவதான். அதை நிறுத்தப்போறோம்னு, ஊர்ப் பள்ளிக்கூடங்களை நடத்துற ஒன்பது பேர் போர்டு சொல்லிடுச்சு. மீட்டிங்குக்குப் போனோம். யார் வேணா மூணு நிமிஷம் பேசலாம். புஷ்பவல்லி எந்த ஸ்டாப்ல எத்தனை பசங்க ஏறுறாங்கன்னு எண்ணி எழுதிக்கிட்டு வந்து ரெண்டே முக்கால் நிமிஷத்துல பேசி முடிச்சா. தேங்க்யூன்னு சொல்லிட்டு அடுத்தவங்களைக் கூப்பிட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. அவ நேரா அங்கிருந்த செகரட்டரி அம்மாகிட்ட போய், அந்த ஒன்பது நாற்காலியில ஒண்ணுல உக்கார என்ன பண்ணணும்னு கேட்டா.

பத்து ஓட்டர் கையெழுத்து வாங்கணும், அவ்வளவுதான். சம்பளம் கிடையாது, கட்சி கிடையாது. மூணு இடத்துக்கு அஞ்சு பேர் போட்டி. நான் அன்னைக்கே டி-ஷர்ட் ஆர்டர் பண்ணிட்டேன். வானநீலக் கலர், முன்னாடி பெருசா அவ பேர்.

டெக்ஸஸ்ல ஆலன்ல இருக்குற அவ தம்பி போன் பண்ணி, "அக்கா, நீ கன்சர்வேட்டிவா, லிபரலா? அதைச் சொல்லாம எலெக்ஷன்ல நின்னா எப்படி?"ன்னு கேட்டான்.

"வரி ஏறக்கூடாதுன்னா என்னது?"ன்னு கேட்டா.

"கன்சர்வேட்டிவ்."

"லேட் பஸ் வேணும்னா?"

"லிபரல்."

"அப்ப ரெண்டையும் எழுதிக்கோ. நீ பாத்துட்டேன்னு பக்கத்துல ஒரு கையெழுத்தும் போட்டுக்கோ." போனை வெச்சுட்டா.

இந்தக் கதைக்கு இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. கருப்பசாமி அண்ணா. விருதுநகர் பக்கத்து ஆள், அக்கா ஸ்பான்சர் பண்ணி கிரீன் கார்டுல வந்தவர். எடிசன்ல ஓக் ட்ரீ ரோட்டுல ஒரு இந்தியக் கடையில காய்கறி செக்‌ஷன் பாத்துக்கறார். பிஞ்சு முருங்கைக்காயா உள்ளேர்ந்து தனியா எடுத்துக் கொடுப்பார், அதனாலேயே எங்க எல்லாருக்கும் அண்ணா. புஷ்பவல்லியை "தங்கச்சி"ன்னுதான் கூப்பிடுவார். லீவு நாள்ல தன் கார்ல அவளை வீடு வீடாக் கூட்டிட்டுப் போனது அவர்தான். எங்க ஜனத்து வீட்டுக் கதவைத் தட்டினா சும்மா விடுவாங்களா? செருப்பைக் கழட்டு, உள்ள வா, காபி குடி, நீங்க எந்த ஊர். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் போச்சு. அண்ணாதான் வாசல்லேயே நின்னுகிட்டு ஹாரன் அடிச்சு அவளை வெளிய இழுத்தார்.

வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல கார்ல இன்னொரு வேலை நடந்தது. அண்ணாவுக்கு டிசம்பர் மூணாந்தேதி சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. நூறு கேள்வி மனப்பாடம் பண்ணணும். புஷ்பவல்லி கேப்பா, அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே பதில் சொல்லுவார். சுப்ரீம் கோர்ட்ல எத்தனை ஜட்ஜ், சட்டம் போடுறது யாரு, பிரசிடெண்டுக்கு எத்தனை வருஷம். ஒரு வார்த்தை மாறினாலும் அவ விடமாட்டா. அக்டோபர் நடுவுல அண்ணாவுக்கு நூறும் தண்ணி பட்ட பாடு.

எலெக்ஷன் நாளுக்கு அவ ஒரு லிஸ்ட் போட்டா. அறுபத்துநாலு வேலை. ஒவ்வொண்ணுக்கும் நேரா செஞ்சவர், சரிபார்த்தவர்னு ரெண்டு கட்டம். யாரு யாரை ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போகணும், யாரு ஓட்டுப் போட்டாச்சு, எல்லாம் அதுல. எனக்கும் ஒரு வரி இருந்தது, 'நாகு, ஓட்டு'ன்னு. நான் பேனா எடுத்து அதை அடிச்சேன். "மேனேஜரையே செக் பண்றதா? வெளிய சொன்னா சிரிப்பாங்க"ன்னேன். அவ என்னை ஒரு தடவை பாத்துட்டு அடுத்த வரிக்குப் போயிட்டா.

வாலண்டியருக்கெல்லாம் அவ சொன்னது ஒரே ஒரு விஷயம். "ஓட்டுப் போட வந்தவங்க யாரும் திரும்பிப் போகக்கூடாதுங்க. லிஸ்ட்ல பேர் இல்லைன்னு சொன்னா, ப்ரொவிஷனல் பேலட் கேளுங்க. தனிக் கவர்ல போட்டு வாங்கிக்குவாங்க, அப்புறமா சரிபார்ப்பாங்க." அண்ணா முன் வரிசையில உக்காந்து தலையாட்டிக்கிட்டிருந்தார். எங்களுக்கு யாருக்கும் எதுவும் தோணலை.

எலெக்ஷன் நாளுக்குப் பத்து நாள் முன்னாடியே இங்க ஓட்டுப் போட ஆரம்பிக்கலாம். அந்த முதல் சனிக்கிழமை காலையில நானும் அவளும் டி-ஷர்ட்டோட இட்லிக்கடை வாசல்ல நோட்டீஸ் கொடுத்துக்கிட்டிருந்தோம். பத்து மணிக்கு எங்க வாட்ஸப் க்ரூப்ல ஒரு போட்டோ வந்தது. கருப்பசாமி அண்ணா, வெள்ளை வேஷ்டி சட்டை, நெத்தியில விபூதி, பின்னாடி லைப்ரரி வாசல்ல 'வோட் ஹியர்' போர்டு. கீழ, "முதல் ஓட்டு என் தங்கச்சிக்கு." அதுக்குள்ள முப்பத்தாறு பேர் கை கூப்பினாங்க. நானும் கூப்பினேன்.

புஷ்பவல்லி கையிலேர்ந்து நோட்டீஸ் கட்டு கீழ விழுந்துடுச்சு.

"நாகு, அண்ணா இன்னும் சிட்டிசன் இல்லீங்க."

எனக்கு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் பிடிபட்டது. சிட்டிசன் இல்லாதவர் சிட்டிசன்னு கையெழுத்துப் போட்டு ஓட்டுப் போட்டா அது சாதாரணத் தப்பு இல்லை. சிட்டிசன்ஷிப் போச்சு, கிரீன் கார்டே போகலாம், ஊருக்குத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க. அறுபது வயசை நெருங்குற மனுஷன். ஆறு வருஷம் வெங்காய மூட்டை தூக்கிக் கட்டினதெல்லாம் ஒரு பேனா முனையில நின்னுக்கிட்டிருக்கு. போன் போட்டோம், ரிங் போச்சு, எடுக்கலை. ஊர்ல பூத்துக்குள்ள போன் கொண்டு போகக்கூடாதுன்னு பழக்கம். மனுஷன் போட்டோ அனுப்பிட்டுப் போனை கார்லயே வெச்சுட்டார்.

நான் கார் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன்னு கேக்காதீங்க, ரெண்டு ஸ்டாப் சைன் எனக்கு ஞாபகமே இல்லை. புஷ்பவல்லி பக்கத்துல உக்காந்து, "நான்தானுங்க சொன்னேன், யாரும் திரும்பிப் போகக்கூடாதுன்னு நான்தானுங்க சொன்னேன்"னு புலம்பிக்கிட்டே வந்தா. எனக்கு அவ மேலயும் கோபம், அண்ணா மேலயும் கோபம், சிகப்பு லைட் மேல எல்லாத்துக்கும் மேல கோபம்.

லைப்ரரி புல்வெளியில ஒரு பலகை நட்டு வெச்சிருந்தாங்க. வாசல்லேர்ந்து அந்தப் பலகை வரைக்கும் நூறு அடி, அதுக்குள்ள யாரும் பிரச்சாரம் பண்ணக்கூடாது. வேட்பாளர், அதுவும் தன் பேரை நெஞ்சுல எழுதிக்கிட்டு, ஒரு காலை உள்ள வெச்சாலே கம்ப்ளெயின்ட் ஆயிடும். புஷ்பவல்லி ஓடி வந்தவ பலகைகிட்ட வந்ததும் அப்படியே நின்னுட்டா. கால் அந்தக் கோட்டைத் தாண்டலை.

"நீங்க போங்க நாகு. ஷர்ட்டை மறைச்சுக்கிட்டுப் போங்க."

பின் சீட்ல என் குளிர்கால கோட் கிடந்தது. கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துக்கிட்டு ஓடினேன். ஓட்டுப் போட வந்தேன்னு சொல்லிட்டு க்யூவுல நின்னேன், எட்டிப் பாத்தா க்யூவுல அண்ணா இல்லை. போட்டுட்டுப் போயிட்டாரோன்னு எனக்கு உயிரே போச்சு. அப்புறம் பாத்தா, ஓரத்துல ஒரு தனி மேஜை. வேஷ்டியை ஒழுங்கா மடிச்சு விட்டுக்கிட்டு, பேனாவைத் திறந்து கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். எதிர்ல வெள்ளைக்கார அம்மா ஒரு ஃபாரத்துல எங்க கையெழுத்துன்னு விரல் வெச்சுக் காட்டுறாங்க.

க்யூவை விட்டுட்டுப் போய் ஃபாரத்து மேல என் உள்ளங்கையை வெச்சேன். "அண்ணா, பேனாவைக் கீழ வைங்க."

"என்ன தாயி, நீயும் வந்துட்டியா? பேரு லிஸ்ட்ல இல்லைன்னாங்க. தங்கச்சி சொன்ன மாதிரி கரெக்டா ப்ரொவிஷனல் கேட்டுட்டேன்." முகமெல்லாம் பல்லு.

"நீங்க ஓட்டுப் போடக்கூடாது. நீங்க இன்னும் சிட்டிசன் இல்லை."

அவர் என்னை ரொம்பப் பரிதாபப்பட்டுப் பாத்தார். "அம்பதாவது கேள்வி படிச்சியா நீ? சிட்டிசனுக்கு மட்டும் உள்ள உரிமை என்ன? ஃபெடரல் எலெக்ஷன்ல ஓட்டுப் போடுறது. ஃபெடரல்னா பிரசிடெண்ட், காங்கிரஸ். இது ஸ்கூல் போர்டு, தாயி. இதுக்கும் ஃபெடரலுக்கும் என்ன சம்பந்தம்? நான் நல்லா யோசிச்சுத்தான் வந்தேன்."

நாலு மாசமா ஒரு வார்த்தைகூட மாறக்கூடாதுன்னு அவ உருப்போட வெச்சா, இவர் ஒவ்வொரு வார்த்தையையும் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கறார். கோர்வையாத்தான் யோசிச்சிருக்கார், நானே ஒரு நொடி சரிதானோன்னு நினைச்சேன். ஜெர்சியில எந்த ஓட்டுக்கும் சிட்டிசனா இருக்கணும்னு ஸ்டேட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கறது அந்த நூறு கேள்வியில இல்லையே. ஃபாரத்து மேலேர்ந்து கையை எடுத்தேன். "முதல் வரியைப் படிங்க அண்ணா. இன்டர்வியூல படிக்கற மாதிரி சத்தமாப் படிங்க."

அவர் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டார். ஒவ்வொரு வார்த்தையா, இங்கிலீஷ்ல, நான் அமெரிக்கச் சிட்டிசன்னு உறுதி சொல்றேன்னு படிச்சார். படிச்சு முடிச்சதும் பேனா மூடியைத் தேடினார். நான்தான் எடுத்து மூடினேன்.

அந்த அம்மா ஏதாவது பிரச்சனையான்னு கேட்டாங்க. அண்ணா எழுந்து நின்னு, இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணின இங்கிலீஷ்ல, "ஐ ஆம் நாட் சிட்டிசன், மேடம். கமிங் சூன்"னார். அந்த அம்மா சிரிச்சுட்டு, எழுதாத ஃபாரத்தை எடுத்து உள்ள வெச்சுட்டாங்க. நல்லவேளை சொன்னீங்க, உங்களுக்காகக் காத்திருப்போம்னாங்க. வெளிய போற வழியில கூடையை நீட்டிக்கிட்டிருந்த பெரியவர் என்னைப் பாத்து, ஓட்டுப் போட்டவங்களுக்குக் கொடுக்குற 'ஐ வோட்டட்' ஸ்டிக்கர் ஒண்ணை என் கோட்ல ஒட்டி விட்டார். ஒரு கையில அண்ணாவோட முழங்கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன், வேண்டாம்னு சொல்ல எனக்கு எங்க நேரம்?

பலகைக்கு அந்தப் பக்கம் புஷ்பவல்லி அதே இடத்துல நின்னுக்கிட்டிருந்தா. நாங்க கோட்டைத் தாண்டினதும் அவரோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "கையெழுத்துப் போட்டீங்களா அண்ணா?" இல்லைன்னார். "யாரு பாத்தாங்க?"ன்னு கேட்டா. நான் பாத்தேன்னேன். அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்தது. "நான் தோத்தா அடுத்த வருஷம் நிப்பனுங்க. நீங்க தோத்தா நான் எங்க போய் நிக்கறது?"

அதுக்கப்புறம் பத்து நாள் எனக்குத் திருவிழா. அந்த ஸ்டிக்கர் கோட்லயே இருந்தது. யாரைப் பாத்தாலும் அதைத் தட்டிக் காட்டி, "போட்டாச்சா நீங்க?"ன்னு மிரட்டுவேன். எலெக்ஷன் அன்னைக்குக் காலையில ஆறு மணிலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் இருபத்துமூணு பேரை என் கார்ல கொண்டு போய் இறக்கினேன். கடைசி ஆளை இறக்கினப்போ ஏழு அம்பத்தஞ்சு. எங்க ஜனம் இப்படி வந்து ஓட்டுப் போட்டு நான் பாத்ததே இல்லை. புஷ்பவல்லி ஜெயிச்சாச்சுன்னே நினைச்சேன்.

தபால் ஓட்டு, கவர் ஓட்டு எல்லாம் எண்ணி முடிக்க ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. மூணாவது இடத்துக்கு வந்தவருக்கு நாலாயிரத்து முந்நூத்துப் பதினெட்டு. புஷ்பவல்லிக்கு நாலாயிரத்து முந்நூத்துப் பதினேழு.

ஒரு ஓட்டு.

நான் கத்தாத கத்தல் இல்லை. யாரு அந்த ஒரு ஆளு, யாரு சோம்பல்பட்டு வீட்டுல படுத்திருந்ததுன்னு க்ரூப்ல எழுதினேன். கருப்பசாமி அண்ணா மட்டும் க்ரூப் பக்கமே வரலை. கடைக்குப் போனா நிமிர்ந்து பாக்கறதில்லை. முருங்கைக்காயைக் கட்டோட எடுத்துக் கொடுக்கறார். கடைசியில ஞாயித்துக்கிழமை புஷ்பவல்லி வீட்டுக்கு வந்து சிட்டிசன்ஷிப் ஃபைலை மேஜை மேல வெச்சார். இன்டர்வியூவுக்கு மூணு நாள்.

"நான் போகலை தங்கச்சி. அன்னைக்கு நான் போட்டிருந்தா சமம் ஆயிருக்கும், மறுபடி எலெக்ஷன் வந்திருக்கும். உன்னைத் தோக்கடிச்ச ஓட்டு என்னோடது. இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எப்படி நான் சிட்டிசன்னு போய் நிப்பேன்?"

நான் அடுப்படியில டீ ஊத்திக்கிட்டிருந்தேன். அந்த ஒரு ஓட்டு யாருதுன்னு ரிசல்ட் வந்த அன்னைக்குப் படுக்கையில எனக்கு உறைச்சது. உறைச்சதுலேர்ந்து நாலு நாளா வாயைத் திறக்கலை. அவ்வளவு நீள வாய், திறக்கலை. இப்ப இந்த மனுஷன் செய்யாத தப்பைச் சுமந்துக்கிட்டு, வாழ்க்கையை மேஜை மேல வெச்சுட்டு எழுந்திருக்கறார். போய் வாசல்ல மாட்டியிருந்த என் குளிர்கால கோட்டை எடுத்துட்டு வந்தேன். ஸ்டிக்கரைப் பிச்சு அவர் ஃபைல் மேல வெச்சேன்.

"அது உங்க ஓட்டு இல்லை அண்ணா. என்னோடது. நான் ஓட்டுப் போடலை. அன்னைக்கு க்யூவை விட்டு வந்து உங்களைப் பிடிச்சேன், திரும்ப க்யூவுக்குப் போகவே இல்லை. இந்த ஸ்டிக்கர் கோட்ல இருந்ததால போட்டுட்ட மாதிரியே இருந்தது. எலெக்ஷன் அன்னைக்கு ஊரையெல்லாம் ஏத்திட்டுப் போனேன், நான் மட்டும் இறங்கலை."

அண்ணா என்னையும் ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பாத்தார். புஷ்பவல்லி டீயை எடுத்து ஆத்திக்கிட்டே, "தெரியுமுங்க"ன்னா.

"என்ன தெரியும்?"

"யாரு யாரு ஓட்டுப் போட்டாங்கன்னு கவுன்ட்டி எலெக்ஷன் ஆபீஸ் லிஸ்ட் தரும். வந்த அன்னைக்கே சரிபாத்துட்டேன். உங்க பேருக்கு நேரா காலியா இருந்ததுங்க."

"அப்ப ஏன்டி கேக்கலை? நான் ஊரையெல்லாம் திட்டிக்கிட்டு இருந்தேனே, அப்பவாவது கேட்டிருக்கலாம்ல?"

"அண்ணா இன்னைக்கு இந்த ஃபைலோட வருவார்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா முந்தியே கேட்டிருப்பேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." டம்ளரை என் கையில கொடுத்தா. "சொல்லிட்டீங்கள்ல, குடிங்க."

நாலாயிரம் பேர் முன்னாடி தோத்தவ. என்னை நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியலை. டீயைக் கையில வெச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். கருப்பசாமி அண்ணா தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பிச்சுட்டார். "மேனேஜர்"னு ஒரு வார்த்தை சொல்லுவார், மறுபடி சிரிப்பார். ஃபைலை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டார்.

மூணாந்தேதி நான்தான் அவரைக் கூட்டிட்டுப் போனேன். எப்பவாவது ஓட்டுப் போட்டிருக்கீங்களான்னு ஆபீசர் கேட்டாராம். இல்லைன்னு சொன்னாராம். அந்த ஒரு "நோ" சொன்னப்போ உடம்பெல்லாம் லேசாச்சு தாயின்னு கார்ல வர்றப்போ சொன்னார். ஜனவரியில பிரமாணம் எடுத்துக்கிட்டார், அதே வேஷ்டியில.

புஷ்பவல்லி இந்த வருஷமும் நிக்கறா. அந்தப் பத்து ஓட்டர் கையெழுத்துல முதல் கையெழுத்து கருப்பசாமி அண்ணாவோடது. நிறுத்தின லேட் பஸ் இன்னும் திரும்ப வரலை, நாங்களும் விடலை. போன வாரம் புது லிஸ்டைக் கொண்டுவந்து கொடுத்தா. இந்தத் தடவை எழுபத்தொரு வேலை. முதல் வரியில 'நாகு, ஓட்டு'ன்னு இருக்கு. அதுக்கு நேரா செஞ்சவர் கட்டம் காலியா எனக்காக விட்டிருக்கு. சரிபார்த்தவர் கட்டத்துல 'கருப்பசாமி'ன்னு பேரை இப்பவே எழுதி வெச்சுட்டா. அடிக்கறதுக்கு நான் பேனாவை எடுக்கலை.